ஒன்பதாம் காட்டில் சத்தமில்லை

ரோண்டா அந்தத் தாளைத் தீயணைப்புக் கொட்டகையின் சுவரில் ஒட்டி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. ஒன்பதாம் காடு. கிழக்கு ஓரத்திலிருந்து கொளுத்தல். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி. புதர்க்குருவி: இல்லை. பொட்டரூ: பதிவு இல்லை.

டீகன் அந்த இரண்டு வரியையும் மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது அவள் காது சிவந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் சிவப்பது காதுதான். அம்மா ரோண்டாவுக்கு அது தெரியும் என்பதால் கூந்தலைக் காதுக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இல்லைன்னு யாரும்மா எழுதினது?"

"மெர்வ்தான். குருவி எண்றது அவர் பொறுப்பு. முப்பத்தொரு வருஷமா எண்றாரு."

"எண்றாரா? காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறாரு. அந்தக் குருவியில ஆம்பளை மட்டும்தான் கத்தும். பொம்பளை கூடு கட்டும், ஒத்தை முட்டை இடும், தனியா அடைகாக்கும், தனியா ஊட்டி வளர்க்கும். அதுக்கு நேரம் ஏது கத்தறதுக்கு? ஆம்பளை சத்தம் வரலைன்னா அந்த வீட்டுல யாருமே குடியில்லைன்னு எழுதிடுவீங்களா?"

"என்கிட்ட ஏண்டி கத்தற? சரி, குருவியை விடு. பொட்டரூவுக்கு நீதானே பொறுப்பு. மூணு மாசமா அந்தக் காட்டுல ஆறு கேமரா கட்டி வச்சிருக்கியே, என்ன கெடச்சுது?"

காற்றில் ஆடும் கோரை கிடைத்தது. கேமராவை முகர்ந்து பார்க்கும் வாலபி என்கிற குட்டைக் கங்காரு கிடைத்தது. எலி, ஓணான், எப்போது பார்த்தாலும் குறுக்கே நடக்கும் ஏதோ ஒரு பழுப்புக் குருவி. கங்காருவுக்கு ஒன்றுவிட்ட தம்பியும் பெருச்சாளிக்கு மூத்த அண்ணனும் போல் இருக்கிற, உலகத்திலேயே நூற்றுச் சொச்சம் மட்டும் மிஞ்சியிருக்கிற அந்தப் பொட்டரூவின் மூக்கு நுனிகூடக் கிடைக்கவில்லை.

மெரிங்கப் சின்ன ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆள் புக முடியாத புதர்க்காடு. இரண்டுக்கும் நடுவில் கேனரித் தெரு. மீனை டப்பாவில் அடைக்கிற ஆலை அந்தத் தெருவின் முனையில்தான் இருந்தது. ரோண்டா பதினைந்து வயதில் பள்ளியை விட்டு அங்கே கத்தி பிடித்தவள். ஆலையை மூடும்வரை பத்தொன்பது வருஷம் மீன் தலை வெட்டினாள். இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். சம்பளமில்லாத வேலையாகத் தீயணைப்புத் தொண்டர் படைக்குத் தலைவி. அந்தத் தெருவில் பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள் டீகன். பட்டம் வாங்கித் திரும்பி வந்தபோது தெருவே கூடி விருந்து வைத்தது. அடுத்த வாரமே, "படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியலையே" என்று ஆரம்பித்துவிட்டது.

"அம்மா, எரிச்சுட்டா திரும்ப வராது."

"டீகன், இங்க பாரு." ரோண்டா தன் இடது புருவத்தைக் காட்டினாள். அங்கே புருவம் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் வந்த தீயில் போனது, திரும்ப முளைக்கவே இல்லை. "கேனரித் தெருவுல பதினாலு வீடு அந்தக் காட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. நம்ம வீட்டையும் சேர்த்து. அந்தத் தடவை காத்து திரும்பினதாலதான் தப்பிச்சோம். நான் ஒண்ணும் நெருப்பு வச்சு விளையாடறவ இல்ல. இப்ப கொஞ்சமா நான் எரிச்சா, கோடையில மொத்தமா அது எரியாது. கண்ணால பார்த்த உயிரை நான் கொளுத்த மாட்டேன். பார்க்காததுக்காகப் பதினாலு வீட்டைப் பணயம் வைக்கவும் மாட்டேன். திங்கக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள ஏதாவது ஒண்ணைக் கொண்டா. குருவியோ, உன் எலியோ."

"அது எலி இல்லம்மா."

"கொண்டா, அப்புறம் பேரு வைக்கலாம்."

அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை விடிவதற்குள் டீகன் மெர்வைத் தேடி, அவர் வழக்கமாக நிற்கும் பாறைக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வண்டி ஓட்டிக்கொண்டே வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் அது குருவி எண்ணும் நாள் என்பதை மறந்துவிட்டாள்.

எண்ணும் நாளில் மேட்டின் மேல் ஏழு இடத்தில் ஏழு பேர் நிற்பார்கள். கையில் திசைகாட்டி, வரைபடம், பென்சில். விடிவதற்கு முன்னும் பின்னுமாக அரை மணி நேரம் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, பிளாஸ்கின் மூடியைத் திறக்கக்கூடாது. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கு ஒரு கோடு. ஏழு பேரின் கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே ஓர் ஆண் குருவி. அதுதான் கணக்கு. மெர்வின் இடம் நான்காம் எண், ஒன்பதாம் காட்டின் ஓரத்துப் பாறை. எழுபத்து நான்கு வயதில் ஊர் அணியின் சிவப்பு மஞ்சள் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். அன்று மத்தியானம் முட்டை வடிவப் பந்தில் ஆடும் வட்டாரக் கால்பந்தின் இறுதி ஆட்டம். எட்டு வருஷத்துக்குப் பிறகு ஊர் அணி அதுவரை வந்திருந்தது.

"மெர்வ், நீங்க என்ன நெனச்சுக்கிட்டு..."

மெர்வ் திரும்பிப் பார்த்த பார்வையில் டீகனின் வாய் தானாக மூடியது. தேவாலயத்தில் போன் அடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். விரலை உதட்டில் வைத்தார். பிறகு அதே விரலால் பக்கத்துப் பாறையைக் காட்டினார். உட்கார்.

அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று டீகனுக்கு அன்றுதான் தெரிந்தது.

வானம் வெளுத்தது. கீழே ஏழாம் காட்டுப் பக்கமிருந்து முதல் சத்தம் வந்தது. யாரோ சீழ்க்கை பழகுவதுபோல் மெதுவாக, ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பிறகு வேகம் பிடித்தது, ஏறியது, இன்னும் ஏறியது, கடைசியில் காதுக்குள் ஊசியால் குத்தினாற்போல் ஓர் அலறலில் போய் முடிந்தது. ஒரு கைப்பிடி அளவுகூட இல்லாத, ஒழுங்காகப் பறக்கத் தெரியாத, புதருக்குள்ளேயே நடந்து காலம் தள்ளுகிற ஒரு பழுப்புக் குருவி, ஒன்றரை மைல் தள்ளி நிற்கிறவர்களைத் துள்ள வைத்துவிட்டது. டீகனுக்குக் கோபம் ஒரு நிமிஷம் மறந்தே போனது. மெர்வின் முகத்தைப் பார்த்தாள். மனிதர் கண்ணை மூடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு கோடு போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. ஏழாம் காட்டில் ஆறு.

ஒன்பதாம் காட்டிலிருந்து ஒன்றுமில்லை.

தூரத்தில் யாரோ விசில் அடித்தார்கள். எண்ணிக்கை முடிந்தது. மெர்வ் பிளாஸ்கைத் திறந்தார்.

"இப்ப திட்டு கண்ணு. டீ குடிச்சுக்கிட்டே கேக்கறேன்."

"ஒன்பதாம் காட்டைத் தூக்கிக் குடுத்துட்டீங்க."

"குடுத்தேன். ஏதாவது ஒரு காட்டை இந்த வருஷம் எரிச்சே ஆகணும்னு உங்கம்மா நின்னா. ஏழாம் காட்டைக் காப்பாத்தணும்னா ஒன்பதாம் காட்டை விடணும். உங்கம்மாகிட்ட பேரம் பேசிப் பாரு, தெரியும். மீன் தலை வெட்டின கை."

"ஆம்பளை பாடினாத்தான் கணக்கா?"

"பாடாததை நான் எப்படி எண்றது? உன் எலி மட்டும் என்ன, கையைத் தூக்கி ஆஜர் சொல்லுதா?"

"அது எலி இல்ல!"

"கோவிச்சுக்காத. என் குருவி பாடும். உன் எலி என்ன பண்ணும்?"

"குழி தோண்டும். மண்ணுக்குள்ள விளையற காளானைத் தோண்டித் தின்னும். அந்தக் காளானோட விதையை வேற இடத்துல போடும். அந்தக் காளான் இல்லைன்னா இங்க பாதி மரம் நிக்காது. உங்க குருவி பாடற கிளையே என் பொட்டரூ போட்ட பிச்சை."

"அடேங்கப்பா! ரெண்டையும் செத்துப் போச்சுன்னுதான் எழுதி வச்சிருந்தாங்க. என் குருவி உன்னுதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே திரும்பி வந்துடுச்சு, தெரியுமில்ல?"

"வந்ததும் வராததுமாக் கத்திக் காட்டிக் குடுத்துடுச்சு. என்னோடது நூத்து இருபது வருஷம் யார் கண்ணுலயும் படாம குடும்பம் நடத்திச்சு. உங்க குருவி ஆயிரம் இருக்கும். என்னோடது நூறு. யாருக்கு முதல்ல அழணும்?"

மெர்வ் ஒரு வாய் டீ குடித்தார். டீகன் விடவில்லை.

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவையாவது உங்க குருவியைக் கண்ணால பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"பார்த்திருக்கேன்."

"எப்ப?"

"பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். வாலைப் பார்த்தேன்." கொஞ்சம் தயங்கினார். "வால்னுதான் நெனைக்கிறேன்."

அதற்கு மேல் சண்டை போட டீகனுக்கு மனசு வரவில்லை. மெர்வ் எழுந்தார். பாறைக்குக் கீழே ஆழாக்கு அளவுக்கு ஒரு குழி இருந்தது. பேச்சோடு பேச்சாக, வீட்டு வாசலில் கிடக்கிற செருப்பைத் தள்ளிவிடுவதுபோல், பூட்ஸ் காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, மேலே இரண்டு மிதி மிதித்தார். பக்கத்தில் இன்னொரு குழி. அதையும் மூடினார்.

"என்ன பண்றீங்க!"

டீகன் போட்ட சத்தம் ஏழாம் காட்டுக் குருவியைத் தோற்கடித்துவிட்டது. தூரத்து மேட்டில் ஆறு தலைகள் திரும்பின.

"குழியை மூடறேன். ஏன்?"

"எத்தனை நாளா?"

"ரெண்டாயிரத்து நாலுலேர்ந்து. இருட்டுல வந்து இதே இடத்துல கால் வச்சேன், கணுக்கால் பிசகி ஆறு வாரம் படுத்தேன். அதுலேர்ந்து எப்ப வந்தாலும் கையோட... காலோட மூடிட்டுத்தான் போவேன். நமக்கு அப்புறம் வர்றவன் விழக்கூடாதில்ல. அடுத்த தடவை வந்தா திரும்பத் தோண்டி வச்சிருக்கும், சனியன். பாண்டிகூட் வேலை."

பாண்டிகூட் அந்தப் பக்கத்தில் சாதாரணப் பிராணி. கோழிக்கூண்டுக்கு அடியில்கூட மண்ணைக் கிளறிக்கொண்டு திரியும். பாண்டிகூட் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் டீகன் அதற்குள் மண்டியிட்டு, மூடின மண்ணைக் கையால் வாரி மூக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஈர மண் வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசம். பழைய சீஸும் வெள்ளைப்பூண்டும் ஒரே டப்பாவில் கிடந்ததுபோல். அவளுக்கு அந்த வாசம் தெரியும். நான்கு வருஷப் படிப்பில் உருப்படியாகக் கற்றுக்கொண்டவற்றில் அதுவும் ஒன்று.

"மெர்வ், நீங்க பதினேழு பதினெட்டு வருஷமா என் சாட்சியை மிதிச்சுப் புதைச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க."

"யாரு, நானா?"

"நீங்க மேல வர்ற சத்தத்தையே கேட்டுக்கிட்டு நிக்கறீங்க. கீழ ஒரு தடவை குனிஞ்சு பார்த்தீங்களா?"

"குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும்" என்றார் மெர்வ். ஆனால் குரல் இறங்கிவிட்டது. தன் பூட்ஸையே ஏதோ புதுசாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "திரும்பத் தோண்டுமா?"

"நீங்கதான் சொல்லணும்."

"ரெண்டு நாள் போதும் அதுக்கு. பிடிவாதக்கார ஜென்மம்."

ஈரநிலத்துப் பக்கம் கட்டியிருந்த ஆறு கேமராவையும் அவிழ்த்துக்கொண்டு வந்து அந்தப் பாறையைச் சுற்றி டீகன் கட்டினாள். வேர்க்கடலை வெண்ணெயும் ஓட்ஸும் பிசைந்த உருண்டைகளை அங்கங்கே வைத்தாள். மெர்வ் கூடவே நின்று, ஒரு உருண்டையைத் தான் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, உப்புக் குறைவு என்றார்.

மத்தியானம் ஊர் அணி அறுபத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.

திங்கட்கிழமை பகல் மூன்று மணி. டீகன் வண்டியின் பின்கதவை இறக்கி, அதன் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு கேமராவின் நினைவக அட்டைகளும் வரிசையாக இருந்தன. குழிகள் திரும்பத் தோண்டப்பட்டிருந்தன. அதை முதலில் பார்த்தவரே மெர்வ்தான். குழியைச் சுற்றி, அதில் கால் வைத்துவிடாமல், கல்யாண வீட்டுக் கோலத்தைச் சுற்றி வருகிறவர்போல் சுற்றி வந்தார். பிறகு ஒரு டப்பா நிறைய லாமிங்டனை எடுத்து நீட்டினார். தேங்காய்த்தூள் புரட்டிய சாக்லேட் கேக். தோற்ற ஆட்டத்தின் வெற்றிவிழாவுக்காக ஊரே செய்து வைத்தது, மிஞ்சிப் போயிருந்தது.

முதல் அட்டையில் ஆயிரத்து நூறு படம். டீகன் வேலை செய்யும் வேகத்தைப் பார்த்து மெர்வுக்குத் தலை சுற்றியது. கோரை, அழி. கோரை, அழி. வாலபி, அழி. கோரை, அழி. குருவி, அழி. கோரை, அழி.

"நில்லு!"

வாழ்க்கையில் முப்பத்தொரு வருஷம் காட்டில் வாயைத் திறக்காமல் நின்ற மனிதர் அத்தனைக்கும் சேர்த்து அன்று கத்தினார். டீகனின் கையிலிருந்த லாமிங்டன் கீழே விழுந்தது.

"என்ன?"

"போன படம்! அதுக்கு முன்னாடி! அதை என்ன பண்ண?"

"குருவி. அழிச்சேன். தினம் குறுக்க நடக்கும், பாதிப் படம் அதுதான்."

"எடு. எடு கண்ணு, எடு. எடுக்க முடியுமா? முடியும்னு சொல்லு."

"அழிச்சது கணினியிலதான், அட்டையில அப்படியே இருக்கு. கத்தாதீங்க."

எடுத்தாள். பெரிதாக்கினாள். ஞாயிறு காலை ஆறு மணி நாற்பது நிமிஷம். தோண்டிப் போட்ட புது மண்ணின் நடுவில், குழிக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது ஒரு பழுப்புக் குருவி. வால் விசிறிபோல் தூக்கியிருக்கிறது. வாய் நிறையப் புழுவும் சிலந்தியும் இரண்டு பக்கமும் தொங்குகின்றன. ஆண் குருவிக்குத் தொண்டையில் இருக்கும் கறுப்பு முக்கோணம் இதற்கு இல்லை. தொண்டை மங்கிய வெண்மை.

"பொம்பளை" என்றாள் டீகன்.

"வாய் நெறைய இரை வச்சிருக்கா பாரு. முழுங்கலை. குஞ்சுக்கு." மெர்வ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் ஏனோ தெரியவில்லை, திரும்பத் துடைத்தார். "முழுசா இருக்கா டீகன். தலை, உடம்பு, கால், எல்லாம். வாலு... நான் பார்த்தது வாலுதான். இதே வாலுதான். சந்தேகமே இல்ல."

மூன்று மாசமாக எத்தனை தடவை இந்தக் குருவி குறுக்கே நடந்தது, எத்தனை தடவை தன் விரல் போய் அழித்தது என்று டீகன் உள்ளுக்குள் எண்ணப் பார்த்தாள். எண்ண முடியவில்லை. ஆம்பளை சத்தம் வராவிட்டால் யாரும் குடியில்லை என்று எழுதுவீர்களா என்று அம்மாவிடம் அத்தனை சத்தம் போட்டவள், அந்த வீட்டுக்காரி தினமும் வாசலில் வந்து நின்றபோது முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

"எத்தனை இருக்கும், நீ அழிச்சது?" என்று மெர்வ் கேட்டார்.

"நீங்க மூடின குழி எத்தனையோ, அத்தனை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை தகராறு. மெர்வ் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீகன் உட்கார முடியாமல் கீழே இறங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் லாமிங்டன் டப்பாவும் கவிழ்ந்தது.

"சரி, அவ நிக்கற குழியைத் தோண்டினது யாரு?" என்றார் மெர்வ் மூச்சு வாங்கிக்கொண்டு. "சனிக்கிழமை நான்தானே மூடினேன்."

மூன்றாவது அட்டையில் இருந்தது. ஞாயிறு அதிகாலை, கறுப்பு வெள்ளைப் படம். வளைந்த நீள மூக்கு குழிக்குள்ளிருந்து அப்போதுதான் வெளியே வந்திருக்கிறது, மூக்கின் மேல் மண். முன்னங்கை இரண்டிலும் ஒரு காளான் உருண்டையை, ரொட்டியைப் பிடித்துக்கொண்டு தின்னும் குழந்தைபோல் பிடித்திருக்கிறது. அடிவயிறு கனத்துத் தொங்குகிறது. டீகன் அடிவயிற்றைப் பெரிதாக்கினாள். குட்டியைச் சுமக்கும் வயிற்றுப் பையின் வாயிலிருந்து, தீக்குச்சி மாதிரி, ஒரு குட்டிக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இவ தோண்டிட்டுப் போறா, அவ வந்து அதே குழியில புழு பொறுக்கறா" என்றார் மெர்வ். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். "அவளோட சமையல்கட்டைத்தான் நான் மூடிக்கிட்டு இருந்திருக்கேன்."

ஐந்தே முக்காலுக்குக் கொட்டகையில் ரோண்டா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீகன் மடிக்கணினியை அவள் முன்னால் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதினாறு வாக்கியம் தயாராக இருந்தும் சொல்லவில்லை. மெர்விடம் கற்றுக்கொண்டது.

ரோண்டா குருவியைப் பார்த்தாள். அப்புறம் பொட்டரூவைப் பார்த்தாள்.

"எலி மாதிரிதான் இருக்கு."

"அம்மா!"

"இரு, இரு. இது என்ன, நூல் மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு?"

"கால். உள்ள குட்டி இருக்கு."

ரோண்டா திரைக்கு மிகவும் பக்கத்தில் போனாள். இருக்கிற ஒரு புருவம் மேலே போனது. "வயித்துல குட்டியைக் கட்டிக்கிட்டா இவ்வளவு தோண்டுது? உன்னைச் சுமந்தப்ப ஒன்பதாம் மாசம்வரைக்கும் நான் மீன் வெட்டினேன், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே பேனா மூடியைத் தேடினாள். தேடி எடுத்தாள். மூடினாள். டக்.

"அப்ப எரிக்கல. சரி. என் பதினாலு வீட்டுக்கு என்ன வழி? அதைச் சொல்லு. உன் பட்டத்துல அது இருக்கா?"

"பட்டத்துல இல்ல. நான் யோசிச்சது. வீட்டுக்குப் பின்னாடி நாப்பது மீட்டர் அகலத்துக்குப் புதரை வெட்டி எடுத்துடலாம். நெருப்பு வைக்காம, கையால. தீ வந்தா அங்க நின்னுடும். குழி இருக்கிற பாறை அதுக்கு அந்தப் பக்கம் ரொம்பத் தூரம்."

"ஒரு கிலோமீட்டர் நீளம். யாரு வெட்டறது?"

"நாளைக்கு எரிக்கறதுக்கு இருபது பேர் வராங்க இல்ல? அவங்கதான்."

"எரிக்கறதுன்னா எல்லாருக்கும் திருவிழா மாதிரி இருக்கும்டி. அதுக்கு வர்றவன் கையில புதர்வெட்டி மிஷினைக் குடுத்தா முதல்ல என்னைத்தான் வெட்டுவான்."

"நீ கத்தினா புதரை வெட்டுவாங்க."

ரோண்டா மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெர்வைப் பார்த்தாள். அவர் வாசலிலேயே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நீங்க என்ன சொல்றீங்க? 'இல்லை'ன்னு எழுதினது நீங்கதானே?"

"எழுதினேன். காது நல்லாத்தான் இருந்தது" என்றார் மெர்வ். "கண்ணைத்தான் யாருக்கோ கடன் குடுத்துட்டேன்போல."

ரோண்டா சுவரிலிருந்த தாளில் 'கொளுத்தல்' என்பதை அடித்து மேலே 'வெட்டல்' என்று எழுதினாள். "நீயும் வெட்டணும் டீகன். பட்டம் வாங்கின கையாலேயே. யாராவது ஏன்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை இருபத்து மூன்று பேரும் கேட்டார்கள். முதலில் கேட்டவர்களுக்கு டீகன் அந்தக் குட்டிக் காலைக் காட்டினாள். பத்தாவது ஆளுக்குப் பிறகு காட்ட வேண்டியிருக்கவில்லை, பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொல்லிக்கொண்டார்கள். மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் வீட்டுக்குத் திரும்பிப் போய் மூன்று புதர்வெட்டி மிஷினும் ஒரு டிராக்டரும் கொண்டு வந்தார். கேனரித் தெருவிலிருந்து ஆட்கள் கத்தரிக்கோலும் இலைவாரியும் எடுத்துக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தார்கள். ரோண்டாவின் குரல் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் போய் வந்தது. "இடது பக்கம்! இடதுன்னா உன் இடது இல்ல, என் இடது!" டீகனின் உள்ளங்கையில் பத்து மணிக்குள் நான்கு கொப்புளம்.

பாறைப் பக்கம் யாரும் தெரியாமல் கால் வைத்துவிடக் கூடாது என்று அடையாளம் நடும் வேலை மெர்வுக்கு. குழி குழியாகப் போய் ஒரு குச்சியை நட்டு, அதன் நுனியில் ஒரு துணித்துண்டைக் கட்டினார். சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள். டீகன் தண்ணீர் கொண்டுபோனபோதுதான் கவனித்தாள், அவர் கழுத்தில் மஃப்ளர் இல்லை.

"ஊர் மஃப்ளரையா கிழிச்சீங்க?"

"அறுபத்தொரு புள்ளியில தோத்தவனுக்கு என்னத்துக்கு மஃப்ளர்? இவளுக்காவது ஆகட்டும். இதுவரைக்கும் நாப்பத்தேழு குழி. பாரேன், நாப்பத்தேழு!" அதைச் சொன்ன உற்சாகத்தில் ஓர் அடி பின்னால் வைத்தார். நாற்பத்தெட்டாவது குழியில் கால் போய் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை மற்றக் கணுக்கால். டீகன் ஓடிவந்து தூக்கப் போனாள். "என்னை விடு, குழி இடிஞ்சுதா பாரு" என்றார்.

பதினொரு மணிக்கு மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரொட்டித் துண்டில் வதக்கிய வெங்காயமும் சாசேஜும், தேநீர், மிஞ்சியிருந்த கடைசி லாமிங்டன்கள். வெட்டின புதரின் பச்சை வாசம். இரண்டு பக்கமும் ஆள் தாங்க, மெர்வ் நொண்டிக்கொண்டு வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். யாரோ ஆட்டத்தைப் பற்றி ஆரம்பித்தார்கள். யாரோ நடுவரைத் திட்டினார்கள்.

மெர்வ் விரலை உதட்டில் வைத்தார்.

அந்த விரலுக்கு ஊரில் இருந்த மரியாதையில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. எல்லோரும் மென்றுகொண்டிருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தார்கள். ஒன்பதாம் காடு வெயிலில் பச்சையாக, அசையாமல் கிடந்தது. ஒரு சீழ்க்கை இல்லை. ஓர் அலறல் இல்லை. தூரத்தில் கடல் மட்டும்.

"கேட்டீங்களா?" என்றார் மெர்வ் கிசுகிசுப்பாக. முகமெல்லாம் பல். "ஒரு சத்தமில்ல! ஒண்ணுகூட இல்ல!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டீகனுக்குப் புரிந்தது. அவள் சாசேஜைக் கீழே வைத்துவிட்டு, கொப்புளம் வந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தச் சத்தமில்லாத காட்டை ஒரு சொட்டு விடாமல் கேட்டாள். உள்ளே எங்கேயோ வாய் நிறைய இரையோடு ஒருத்தி நடந்து போய்க்கொண்டிருப்பாள். பக்கத்துப் புதருக்கு அடியில் வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள்.

ரோண்டா மெதுவாக மகள் பக்கம் சாய்ந்தாள். அவளுக்குக் கிசுகிசுத்துப் பழக்கமில்லை. தெருமுனை வரைக்கும் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்டி இப்படியே இருக்கணும்?"